செயலாளர் ஆண்டறிக்கை 2024–25 (புளியமரம் பற்றிய விவரத்துடன்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர், பொருளாளர் அவர்களுக்கும், வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கையில் பாதிக்கு மேல் அவர்கள் படிக்க வேண்டியது என்பதால் நகல் வாட்ஸ்அப் குழுவில் போடப்படும்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டில் நம் போன்சாய் (தட்டில் வளர்க்கும் குறுமரம்) சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 46. புதிதாகச் சேர்ந்தவர்கள் 5 பேர். எழுதிக் கொடுத்து விலகியவர்கள் 3 பேர். எழுதிக் கொடுக்காமல் விலகியவர்களுக்குப் பதிவேட்டில் இடமில்லை. மாதக் கூட்டம் 10 முறை நடந்தது; ஜூலையிலும் டிசம்பரிலும் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை) சேராததால் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு ஒரு வேனில் 14 பேர் போய்வந்தோம். ஜூனில் கிளைகளை வளைக்கக் கம்பி கட்டும் பயிற்சி. ஆகஸ்டில் அடீனியம் செடியின் வேரை வெட்டித் தட்டு மாற்றும் செயல்விளக்கம். செப்டம்பரில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு போன்சாய் அறிமுகம், "மரத்துக்கு வலிக்காதா சார்?" என்று ஒரு பெண்குழந்தை கேட்டதற்கு நம் தலைவர் நல்ல பதில் சொன்னார்.

அக்டோபரில், மழைக்கு முன், போர்டோ கலவை என்ற பூஞ்சாண மருந்தைத் தயாரிப்பதைச் செய்துகாட்டினேன். வந்தவர்கள் 6 பேர், அதில் 2 பேர் முடியும் நேரத்தில் வந்தவர்கள். வராத 40 பேருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம், சுட்ட சுண்ணாம்பு 10 கிராம். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, நீலத் தண்ணீரைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. பிறகு ஒரு பழைய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் விட்டு எடுத்துப் பாருங்கள். கத்தி செம்பு நிறம் ஏறி வந்தால் துத்தம் மிச்சம் இருக்கிறது, அது இலையைச் சுடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். அன்று முதல் முறை கத்தி சிவந்துதான் வந்தது. இரண்டாம் முறை வெள்ளையாக வந்தது. கலவையை அன்றே அடித்துத் தீர்க்க வேண்டும், நாளைக்கு ஆகாது. பிரான்ஸின் போர்டோ பக்கம் வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்கச் சாலையோரத் திராட்சைக் கொடிகளில் இப்படி நீலமாக எதையோ பூசிவைப்பார்களாம். பூசிய கொடிக்கு மட்டும் நோய் வராததைக் கவனித்த மில்லார்டே என்பவர் 1885-இல் அதை மருந்தாக வெளியிட்டார். நம் இச்சி மரங்கள் மூன்றிலும் ஆலிலும் அன்று அடித்தோம். போன வருடம் மழைக்காலத்தில் இலையெல்லாம் கருப்புப் புள்ளியாகக் கொட்டிய அதே மரங்கள் இந்த வருடம் தைக்குப் பச்சையாக நின்றன. இதற்கு யாரும் கைதட்டவில்லை என்பதைக் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன்.

இனி புளியமரம். இதுபற்றி வெளியே பலவிதமாகப் பேசப்படுவதால் நடந்ததை நடந்த வரிசையில் பதிவு செய்வது என் கடமை.

நம் சங்கத்தின் முதல் தலைவர் ஒரு பாழுங்கிணற்று மேட்டிலிருந்து பெயர்த்து வந்த நாற்று அது. இப்போது இரண்டடி உயரம். அடித்தூர் என் மணிக்கட்டைவிடப் பருமன். இரண்டு வருடத்துக்கு முன் மூன்று காய் காய்த்தது. கண்காட்சிக்கு வருகிறவர்கள் வேறு எந்த மரத்தைப் பார்க்காமல் போனாலும் அதன் முன் நின்று படம் எடுக்காமல் போனதில்லை.

நவம்பரில், சங்க மரங்கள் இருக்கும் மொட்டைமாடித் தளத்தில் ஒழுகல் அடைக்கும் வேலை வந்தது. 22 மரங்களையும் படிக்கட்டுத் தலைப்பில் உள்ள தகரக் கொட்டகைக்கு மாற்றுவதென்று செயற்குழு முடிவு செய்தது. கொட்டகை 8 மரம் கொள்ளும் இடம், வெயில் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும் என்று அன்றைக்கே சொன்னேன்; நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. தளவேலை டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்துவிட்டது. மரங்கள் திரும்ப மேலே போனது ஜனவரி 19-ஆம் தேதி. பெரிய தட்டுகளைத் தூக்க மூன்று பேர் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நான்கு முறை கேட்டேன். கட்டைவிரல் படம் 11 வந்தது, ஆள் ஒருவரும் வரவில்லை. பொங்கல் விடுமுறையில் கூப்பிட்டபோது, "அண்ணா, ஊருக்கு வந்துட்டனுங்க" என்ற பதில் ஆறு பேரிடமிருந்து வந்தது. கடைசியில் என் மகனும் பக்கத்துக் கடைப் பையனும் நானும்தான் தூக்கினோம்.

தூக்கி வெளிச்சத்தில் வைத்த பிறகுதான் தெரிந்தது. புளியின் தளிர் முழுக்க விபூதி பூசியதுபோல் வெள்ளை. சிற்றிலைகள் சுருண்டிருந்தன. விரலில் தேய்த்தால் மாவாக ஒட்டியது. போர்வெல் தண்ணீரின் உப்பு என்று துணைத் தலைவர் சொன்னார். உப்பு, துளி காய்ந்த இடத்தில் வட்டமாக நிற்கும், மாவாக உதிராது. இது சாம்பல் நோய், பூஞ்சாணத்தால் வருவது.

யார் எந்தக் கிழமை மரங்களுக்குத் தண்ணீர் விடுவது என்ற முறை நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்த ஏழு வாரத்தில் முறைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இரவு ஏழரைக்கு மேல் வந்திருக்கிறார்கள். புளி இருட்டினால் இலையை மடித்துக்கொள்ளும் மரம். மடிந்த இலையை செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் என்ன தெரியும்? ஏழு வாரமும் "மரங்கள் நலம்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 14 நாள் கையெழுத்தே இல்லை.

இன்னொன்றும் நோட்டில் இருந்தது. வியாழக்கிழமை முறைக்காரர் வாரம் தவறாமல், வீட்டில் போட்ட மீன் அமிலத்தை (மீனை ஊறவைத்துச் செய்யும் உரம்) நீரில் கலந்து புளிக்கு ஊற்றியிருக்கிறார். தேதி, அளவு எல்லாம் முத்துமுத்தாக எழுதியிருந்தார். தழைச்சத்து ஏறியதில் மரம் குளிர்காலத்தில் தேவையில்லாத இளந்தளிரை விட்டது. இந்தப் பூஞ்சாணத்துக்கு இளந்தளிர் என்றால் விருந்து. இலைப்புள்ளி நோய்க்கு இலை நனைந்து கிடக்க வேண்டும். சாம்பல் நோய்க்கு அதுகூட வேண்டாம். நெருக்கம், நிழல், அசையாத காற்று, பகல் சூடு, இரவுக் குளிர் இருந்தால் போதும். இலையின் மேலேயே பாய்போல் படர்ந்து, உறிஞ்சுவதற்கு மட்டும் உள்ளே வேர் இறக்கும்.

அன்றே புளியை மற்ற மரங்களிலிருந்து பிரித்து, காற்று அடிக்கும் வடக்கு மூலையில் வைத்தேன். நோய் கண்ட இலைகளைக் காம்போடு கிள்ளிக் கவரில் போட்டுக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்தேன். மட்குத் தொட்டியில் போடவில்லை. ஒவ்வொரு கிளைக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்தேன். உள்ளே நெருங்கிக் கிடந்த குச்சிகளை நீக்கினேன். ஒரு முழு மத்தியானம் ஆனது. குடியரசு தினத்தன்று, ஜனவரி 26, மாலை வெயில் தணிந்ததும் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் கணக்கில், அரை லிட்டர் கரைத்து, தட்டு மண்ணைத் துணியால் மூடி, இலையின் மேலும் அடியும் நனைய அடித்தேன். புளித்த மோர் அடிக்கலாம் என்று மூன்று பேர் சொன்னார்கள். மோர் நல்லதுதான், நோய் தொட்டவுடன் அடித்திருந்தால். பிப்ரவரி முதல் வாரத்தில் புதுத் தளிர் சுத்தமாக வந்தது. பிப்ரவரி 9, ஞாயிறு, இரண்டாம் முறை அடித்தேன்.

13-ஆம் தேதி வியாழக்கிழமை. முறைக்காரர் வந்திருக்கிறார். சாம்பல் நோய் அவருடைய மீன் அமிலத்தால்தான் வந்தது என்று நான் முந்தைய மாதம் குழுவில் எழுதியது அவருக்கு மனதில் இருந்திருக்க வேண்டும். வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்பு கொஞ்சம், ஒரு லிட்டர் தண்ணீர், நன்றாக அடித்துக் கலக்கி இலை இலையாகத் துடைத்துவிட்டிருக்கிறார். நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறார்.

கந்தகம் அடித்த இலையில் எண்ணெய் படக் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் கந்தகத்தையும் கூட்டிக்கொண்டு இலைக்குள் இறங்கிச் சுட்டுவிடும். அந்த வாரத்து வெயிலும் சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை காலை நான் போனபோது இலை ஓரமெல்லாம் காப்பித்தூள் நிறம். தட்டை லேசாகத் தொட்டேன், சலசலவென்று கொட்டியது. ஞாயிறு மாலைக்குள் மரத்தில் ஓர் இலை இல்லை.

அன்று இரவு குழுவில் நான் எழுதியதை எல்லாரும் படித்தீர்கள். 30 வருட மரத்தை மூன்று நாளில் கொன்றுவிட்டதாக எழுதியிருந்தேன். அவர் பதில் எழுதவில்லை. மறுநாள் குழுவிலிருந்து வெளியேறினார்.

செயலாளர் என்ற முறையில் ஒரு விவரத்தையும் இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது. தணிக்கைக்காக மார்ச்சில் நோட்டை மறுபடி எடுத்தேன். மருந்து அடித்தால் தேதியும் மருந்தும் எழுத வேண்டும் என்ற விதி 2021-இல் நானே கொண்டுவந்தது. ஜனவரி 26-ஆம் தேதிக் கட்டத்தில் என் கையெழுத்தில் "நனையும் கந்தகம், முதல் முறை" என்று இருக்கிறது. பிப்ரவரி 9-ஆம் தேதிக் கட்டம் காலி. அன்று மாலை ஒரு கல்யாண வரவேற்புக்குப் போகும் அவசரம். அவர் நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் அடித்திருக்கிறார். முதல் முறை கந்தகத்துக்கும் அவருடைய எண்ணெய்க்கும் இடையே 18 நாள். அவர் கணக்கு சரி.

மரத்தின் நிலைக்கு வருகிறேன். நகத்தால் கீறிப் பார்த்ததில் பட்டைக்கு அடியில் பச்சை இருந்தது. இலை இல்லாத மரம் தண்ணீர் குடிக்காது என்பதால் தினசரித் தண்ணீரை நிறுத்தி, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் விடச் சொன்னேன். உரம் எதுவும் இல்லை. காலை வெயில் மட்டும். மார்ச் 9-ஆம் தேதி அடிக்கிளையில் கடுகளவு இரண்டு மொட்டு. இன்றைய தேதியில் முக்கால் மரம் துளிர்த்துவிட்டது. தெற்குப் பக்கக் கிளை ஒன்று காய்ந்தது, வெட்டியாகிவிட்டது. அந்தப் பக்கம் மரம் கொஞ்சம் மொட்டையாகத்தான் இருக்கும், சுற்றி வைத்தால் தெரியாது. பழைய சாம்பல் நோய் இதுவரை திரும்பவில்லை.

வரவு செலவு. விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளபடி. பொதுவாகச் சொன்னால் வரவுக்கும் செலவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இருக்கும் வித்தியாசம் நமக்குச் சாதகமாக இல்லை. அறை வாடகை, மின்சாரம், ஊட்டி வேன் ஆகியவை வழக்கம்போல. மருந்து, ஸ்பிரேயர் செலவை நானே கொடுத்தேன். ரசீது இருக்கிறது, அவசரமில்லை. ஆண்டு சந்தா 600 ரூபாய். 46 பேரில் 27 பேர் கட்டியிருக்கிறார்கள். மீதி 19 பேரில் 4 பேர் இந்த ஆண்டு கண்காட்சியில் தங்கள் மரங்களைச் சங்க மேசையில் வைத்துப் பரிசும் வாங்கினார்கள். பெயர் சொல்வது முறையல்ல. பரிசளிப்புப் படம் குழுவில் இருக்கிறது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வியாழக்கிழமை முறைக்காரரின் சந்தா ஏப்ரல் முதல் வாரமே வந்துவிட்டது.

நன்றி. குறைந்த வாடகைக்கு அறையும் மொட்டைமாடியும் தந்திருக்கும் கட்டட உரிமையாளருக்கும், கணக்கைத் தணிக்கை செய்த உறுப்பினருக்கும், அழைப்பிதழ் அச்சிட்டுக் கொடுத்தவருக்கும், கூட்டந்தோறும் டீ கொண்டுவந்த தம்பிக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. தட்டு தூக்கிய பையன்களுக்கு நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி. ஐந்து ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். இளையவர்கள் யாராவது முன்வந்தால் நோட்டு, சாவி, ஸ்பிரேயர் மூன்றையும் இன்றே மேசையில் வைத்துவிடுகிறேன். யாரும் முன்வராவிட்டால் என்ன செய்வது என்பதைப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும். யார் வந்தாலும் இரண்டு காரியம் ஆக வேண்டும். மொட்டைமாடியில் நிழல்வலைப் பந்தல் ஒன்று, மரத்துக்கு மரம் ஒன்றரை அடி இடைவெளி விட்டு. மதிப்பீடு 18,000 ரூபாய். மேலே சொன்ன 19 பேர் சந்தா கட்டினால் பாதிக்கு மேல் தேறும். அடுத்தது, முறைக்கு வருகிறவர்கள் காலை எட்டுக்குள் வந்து, இலை விரிந்திருக்கும்போது பார்க்க வேண்டும். மருந்து அடித்தால் உடனே நோட்டில் எழுத வேண்டும். யாராக இருந்தாலும்.

புதிய தண்ணீர் முறைப் பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது. திங்கள், சனி இரண்டுக்கும் ஆள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். வியாழக்கிழமைக் கட்டத்தில் பழைய பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். அவரை நேரில் பார்க்க இரண்டு முறை போனேன், வீடு பூட்டியிருந்தது. அவர் பக்கத்தில் குடியிருக்கும் உறுப்பினர்கள் யாராவது, புளி துளிர்த்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்