மீசை முளைத்தவனுக்கும் முயல் கதைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இளையோர் நூல்களுக்கு வருஷா வருஷம் கொடுக்கிற பரிசுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்து படித்தேன். நல்ல கட்டுரைதான். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் 'எப்படியும்' தமிழில் வாசிக்கப் போவதில்லையாம். அந்த 'எப்படியும்' இரண்டு நாளாகத் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, 1996இல் கல்யாணமாகி இங்கே வந்தவள். சாட்ஸ்வொர்த்தில் பதினாலு வருஷமாகச் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், சம்பளமெல்லாம் கிடையாது. 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகள் இந்தப் பிள்ளைகள். வீட்டில் இங்கிலீஷ்தான், ஆனாலும் வந்து உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். அதில் ஒருவனுக்குப் பதினைந்து வயது, குரல் உடைந்து மீசையும் அரும்பிவிட்டது, அவனால் படிக்க முடிகிற எளிய தமிழில் என் அலமாரியில் இருப்பதோ முயலும் ஆமையும். "ஆன்ட்டி, இந்த முயல் இன்னுமா தூங்குது?" என்று இங்கிலீஷில் கேட்டான். நான் என்ன சொல்ல?

அமெரிக்க நூலகக்காரர்கள் 12 முதல் 18 வயது வாசகர்களுக்கான புத்தகங்களுக்கென்றே 2000 முதல் பிரின்ட்ஸ் விருது கொடுக்கிறார்கள். நம்மிடம் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2010 முதல் இருக்கிறது, ஆனால் அதில் ஒன்பது வயதுக்காரியும் பதினாறு வயதுக்காரனும் ஒரே பந்தி. அதே அகாதெமியின் யுவ புரஸ்கார் இருக்கிறதே என்பீர்கள். அது எழுதியவருக்கு 35 வயதுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிற விருது, வாசிக்கிறவன் வயதை அங்கே யார் கேட்டார்கள்? உங்களுக்குத் தெரியாததா!

2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' என்ற இளையோர் நாவலுக்குப் பால புரஸ்கார் கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்த என் தம்பி மனைவி அதை ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் சொருகிக் கொண்டுவந்தாள். எண்ணெய் இறங்கிய அந்த ஒரே பிரதியை ஒன்பது பேருக்குச் சுற்றுக்கு விட்டேன். ஏழு பேர் பாதியில் விட்டார்கள், இரண்டு பேர் அகராதியும் கையுமாகக் கடைசிப் பக்கம் வரை போனார்கள். 'எப்படியும்' வாசிக்காத இரண்டு பேர், ஐயா.

இந்த நாட்டு அரசியல் சாசனம், அதிகாரபூர்வ மொழிகள் 12இல் நாம் இல்லாவிட்டாலும், 6ஆம் பிரிவில் தமிழைப் பெயர் சொல்லி மதிக்கச் சொல்கிறது. ஊரிலிருந்து வருகிற பிரமுகர்களோ கடற்கரையில் போட்டோ எடுத்துக்கொண்டு, சால்வை வாங்கிக்கொண்டு, "புத்தகம் அனுப்புறேம்மா" என்று விமானம் ஏறுகிறார்கள். ஒருவர் மூன்று பெட்டி அனுப்புவதாகச் சொன்னார், நானும் முட்டாள்தனமாக அலமாரி செய்யச் சொல்லிவிட்டேன். அந்த அலமாரியில் இப்போது தாம்பாளமும் குத்துவிளக்கும் இருக்கின்றன. காந்தியின் போராட்டத்தில் இங்கே சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை பேரைச் சொல்லாமல் மட்டும் யாரும் மேடையை விட்டு இறங்க மாட்டார்கள். சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22இல் கண்ணை மூடியபோது அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. அந்தப் பதினாறு வயதுக்குத்தான் நான் புத்தகம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, புது விருது வையுங்கள் என்று உங்களிடம் கேட்டால் நியாயமில்லை. அடுத்த முறை பரிசுப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு புத்தகத்துக்கும் நேரே எந்த வயதுக்கு, எத்தனை பக்கம், என்ன விலை, பதிப்பகம் வெளிநாட்டுக்கு அனுப்புமா என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள், இடமிருந்தால். தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர் ஒருத்தி,
சாட்ஸ்வொர்த், டர்பன்