செயலாளரின் ஆண்டறிக்கை: ‘ஹாலோவீன்’ வரிசையும் நம் வட்டு நூலகமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, உடன் வந்திருக்கும் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இந்த ஆண்டு முழுவதும் ஒரே படவரிசையை எடுத்துக்கொண்டோம். 1978-இல் ஜான் கார்பென்டர் தொடங்கி வைத்த ‘ஹாலோவீன்’தான் அது. “கத்திக்குத்துப் படத்துக்கு ஒரு வருஷமா?” என்று அன்றே சிலர் கேட்டார்கள். என் வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். 2006-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படத்தைச் சேர்த்துக்கொண்டது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

முதல் கூட்டத்தில் 1999 டிவிடி, 2007 ப்ளூ-ரே, 2021-இல் ஸ்க்ரீம் ஃபேக்டரி என்ற வட்டு நிறுவனம் வெளியிட்ட 4கே வட்டு மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டோம். பள்ளி விட்டு கதாநாயகி லாரி தன் தோழிகளோடு தெருவில் நடந்து வரும் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். கதை நடப்பது இலினாய் மாநிலத்தில், அக்டோபர் கடைசியில். படம் எடுத்ததோ இங்கே கலிஃபோர்னியாவில், நம் பக்கத்து ஊரான சவுத் பசடேனாவில், வசந்த காலத்தில். பட்ஜெட் ஏறத்தாழ மூன்று லட்சம் டாலர்தான். அதனால் உலர்ந்த இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் கூட்டி அள்ளி அடுத்த ஷாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். தரையில் இப்படி இலையைக் கொட்டலாம், மரத்தில் இருக்கிற பச்சையை என்ன செய்வது? அந்த வேலையை ஒளிப்பதிவாளர் டீன் கண்டீயின் வண்ணம் பார்த்துக்கொண்டது. பகலில் மஞ்சள் கலந்த வெதுவெதுப்பு, இரவில் நீலம்.

1999 பதிப்பின் வண்ணத்தை அவரே மேற்பார்வையிட்டார். 2003 டிவிடி அவர் கைபடாமல் வந்தது. 2007 ப்ளூ-ரேயும் அந்த வழியிலேயே போயிற்று. படம் துல்லியமாகிவிட்டது, ஆனால் மரங்கள் பளிச்சென்று பச்சை, ராத்திரியில் நீலம் இல்லை. அக்டோபர் ஏப்ரலாகிவிட்டது என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னதுதான் அன்றைய விமர்சனம். 2013-இலும் 2021-இலும் கண்டீ மறுபடி உள்ளே வந்தார். 2021 வட்டுக்கு மூல கேமரா நெகட்டிவையே, அதாவது படப்பிடிப்பில் கேமராவுக்குள் ஓடிய படச்சுருளையே, 4கே-யில் ஸ்கேன் செய்தார்கள். அப்படியும் அவர் பார்த்து ஒப்புக்கொண்ட மூன்று பதிப்புகளும் ஒன்றுபோல இல்லை. நீலத்தின் அளவு மூன்றிலும் மூன்று விதம்.

சண்டை இங்கேதான் ஆரம்பித்தது. எடுத்தவர் கடைசியாகச் சொன்னதே சரி என்று ஒரு கட்சி. நாற்பது வருஷத்தில் யாருக்கும் ரசனை மாறும், தியேட்டரில் ஓடிய பழைய பிரிண்ட்தான் சாட்சி என்று எதிர்க்கட்சி. சரி, இன்றைக்குத் தீராது என்று தலைவர் காபிக்கு எழுப்பிவிட்டார். என்னைக் கேட்டால், துல்லியத்துக்கு 2021, ராத்திரிக்கு 1999.

இன்னொரு காட்சியையும் பதிவு செய்ய வேண்டும். லாரி அழுதுகொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறாள். பின்னால் இருண்ட வாசல். அந்த இருட்டிலிருந்து கொலைகாரன் மைக்கேல் மையர்ஸின் வெள்ளை முகமூடி மெல்ல மெல்லத் தெரிய வருகிறது. சின்ன விளக்கு ஒன்றை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எடுத்த ஷாட் அது. டிவியின் பிரைட்னஸை வேண்டுமென்றே கூட்டிப் பார்த்தோம். முகமூடி முதலிலேயே தெரிந்துவிட்டது, ஒருவரும் துள்ளவில்லை. புதுப்பிப்பவர் கறுப்பை ஒரு துளி வெளுக்கவிட்டாலும் இதே கதிதான். ஒலிக்கும் இது பொருந்தும். படம் வந்தது மோனோவில், அதாவது ஒற்றைத்தட ஒலியில். பிற்பாடு பல ஸ்பீக்கர்களுக்காகச் செய்த 5.1 கலவையில் மூலத்தில் இல்லாத ஒலிகள் சேர்ந்தன. 2021 வட்டில் அட்மாஸ் என்ற புதுச் சூழொலியோடு பழைய மோனோவும் இருக்கிறது. நம் அரங்கில் மோனோவையே ஓட்டினோம், ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்த உறுப்பினர் பொறுத்துக்கொண்டார்.

இரண்டாம் பாகத்தின் 2011 ப்ளூ-ரேயில் நடந்தது வேறு கூத்து. இந்த வரிசையைத் தோளில் சுமந்தவர் தயாரிப்பாளர் முஸ்தஃபா அக்காத். சிரியாவின் அலெப்போவில் பிறந்தவர், 2005 அம்மான் ஹோட்டல் குண்டுவெடிப்பில் மகளோடு சேர்ந்து உயிரிழந்தவர். படத்தின் தொடக்கத்தில் வரவேண்டிய அவர் பெயர் அந்த வட்டில் இல்லை, அந்த இடத்தில் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயர். மகன் மாலிக்கும் ரசிகர்களும் குரல் கொடுத்த பிறகு நிறுவனம் திருத்திய வட்டு தந்தது. கறையும் கீறலும் போக்குவதையே பேசிக்கொண்டிருந்த நமக்கு, டைட்டில் கார்டையும் சரிபார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

3, 4, 5 பாகங்களை ஓட்டினோம். அவற்றின் 4கே பதிப்புகளில் குறைசொல்ல அதிகம் இல்லை. ஐந்தாம் பாகத்தில் குறை படத்திலேயே.

ஆறாம் பாகத்துக்குத்தான் கூட்டம் வந்தது. 1995-இல் முன்னோட்டம் பார்த்தவர்களுக்குப் பிடிக்காமல் போக, படத்தின் பல பகுதிகளை, முடிவு உட்பட, மாற்றி எடுத்தார்கள். மையர்ஸின் மனநல மருத்துவர் லூமிஸாக நடித்த டொனால்ட் பிளெசன்ஸ் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டதால், அவர் இல்லாமலே ஒப்பேற்ற வேண்டியிருந்தது. கைவிட்ட பழைய வடிவம் ‘தயாரிப்பாளர் பிரதி’ என்ற பெயரில் விஎச்எஸ் நாடாக்களில் கள்ளத்தனமாகக் கைமாறி, நகலுக்கு நகல் மங்கிக்கொண்டே வந்தது. முறைப்படி வெளிவந்தது 2014-இல், பத்துப் படங்களும் அடங்கிய பெட்டியில். உரிமைகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்ததால் அந்தப் பெட்டி வரவே அத்தனை காலம் பிடித்தது. நம் உறுப்பினர் ஒருவர் தன் பழைய நாடாவைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். லூமிஸின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஏதோ அசைந்தது. அதையே வருஷக்கணக்கில் பொக்கிஷமாக வைத்திருந்திருக்கிறார். 2014 வட்டில் அதே முகத்தின் சுருக்கங்களைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் நாடாவை நூலகத்துக்கே கொடுத்துவிட்டார்.

சவுத் பசடேனா சுற்றுலாவும் நடந்தது. படத்தில் மையர்ஸின் வீடாக வரும் வீட்டை 1987-இல் இடிக்காமல் பெயர்த்து, மிஷன் தெருவில் ரயில் பாதை அருகே வைத்திருக்கிறார்கள். படப்பிடிப்பின்போது அது பாழடைந்து கிடந்தது. 1963-இல் நடக்கும் தொடக்கக் காட்சிக்காகக் கடைசியில் குழுவினரே பெயின்ட் அடித்து, சாமான் நிரப்பி எடுத்தார்கள். குழந்தைகள் ஏமாந்தார்கள், பேய் வீடு பளபளவென்று இருந்தால் என்ன செய்வது!

நூலக நிலவரம்: கடை ஒன்றிலிருந்து வந்த பெட்டியில் வட்டுகள் கழன்று உருண்டு கீறியிருந்தன, மாற்றித் தரப் பல மாதம் இழுத்தடித்தார்கள். இனி நேரில் போய்த் திறந்து பார்த்தே வாங்குவோம். ஊருக்கு வட்டு அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்: இங்கே விற்கும் ப்ளூ-ரேக்கள் பலவும் அமெரிக்கா அடங்கிய ஏ மண்டலத்தின் பிளேயர்களில் மட்டும் ஓடும்படி பூட்டியவை, இந்தியா சி மண்டலம், அங்குள்ள பிளேயரில் ஓடாது. 4கே வட்டுக்கு மண்டலப் பூட்டு இல்லை. ஆனால் அதே பெட்டியில் இருக்கும் ப்ளூ-ரேக்கு இருக்கக்கூடும்.

செயற்குழு ஒரு தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறது: புதிய பதிப்பு வாங்கினோம் என்பதற்காக நூலகத்தின் பழைய பதிப்பு எதையும் கழிக்கக் கூடாது, ஒவ்வொரு வட்டின் உறையிலும் வண்ணத்தை யார் மேற்பார்வையிட்டார், மூல ஒலி இருக்கிறதா என்று எழுதி ஒட்ட வேண்டும். அலமாரி போதாது என்று பொருளாளர் ஆட்சேபித்திருக்கிறார், அதையும் விவாதத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

வரவு செலவுக் கணக்கை அடுத்து அவரே வாசிப்பார். கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், சுண்டலும் காபியும் தவறாமல் கொண்டுவந்த அக்காமார்களுக்கும் நன்றி. 2007 ப்ளூ-ரேயை எடுத்துப் போனவர் தயவுசெய்து திருப்பித் தரவும். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்