இவோன் கொதாரின் 1:10.0: நீச்சல் பதிவுகளைத் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

1931 ஆகஸ்டில் பாரிசின் தூரெல் குளத்தில் நடந்த ஐரோப்பியப் போட்டியில், மகளிர் 100 மீட்டர் ஃபிரீஸ்டைலில் பிரான்சின் இவோன் கொதார் 1:10.0 நேரத்தில், அதாவது ஒரு நிமிடம் பத்து வினாடியில் நீந்தித் தங்கம் வென்றார். அந்த எண்ணைத் தனியாக அச்சிடாதீர்கள். இன்றைய நேரங்களுக்குக் கீழே அதைப் பார்ப்பவர், இவ்வளவுதானா என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

எதோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கு அந்தக் குளமே விடை தருகிறது. 1924 ஒலிம்பிக்கிற்காகக் கட்டிய 50 மீட்டர் குளம் அது. அங்கே அதே தூரத்தில் அமெரிக்காவின் எதெல் லாக்கி தங்கம் வென்ற நேரம் 1:12.4. ஏழு ஆண்டுகள் கழித்து கொதார் அதைவிட 2.4 வினாடி வேகமாக நீந்தினார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் வென்ற நேரமான 1:11.0-ஐயும் முந்தினார். இதுதான் அவருடைய உண்மையான அளவு.

உலகச் சாதனைப் பட்டியலோடு ஒப்பிடும்போதுதான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. 1957 வரை 25 கஜக் (சுமார் 23 மீட்டர்) குளத்தில் நீந்திய நேரமும் உலகச் சாதனையாக ஏற்கப்பட்டது. 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு ஒரே திருப்பம். 25 மீட்டர் குளத்தில் மூன்று. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துக் கிளம்பும் வேகம் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே நேரத்துக்குப் பக்கத்தில் குளத்தின் நீளம், ஊர், தேதி மூன்றும் கட்டாயம் வேண்டும். நீளம் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

1:10.0 என்பதை 1:10.00 ஆக்கவும் கூடாது. கணினி தானாகச் சேர்க்கும் அந்தச் சுழியம் பொய். நடுவர்கள் கையில் பிடித்த ஸ்டாப்வாட்சில் நூறில் ஒரு பங்கு வினாடிக்கு இடமே இல்லை.

1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் ஃபிரீஸ்டைல் இறுதிப் போட்டியில் கொதார் ஐந்தாமிடம், 5:54.4. வென்ற ஹெலன் மேடிசனின் நேரம் 5:28.5. இடைவெளி 25.9 வினாடி, பெரியதுதான், மறைக்க வேண்டாம். ஆனால் 100 மீட்டரில் ஐரோப்பாவை வென்ற ஒருவர் நான்கு மடங்கு தூரத்திலும் ஒலிம்பிக் இறுதிக்கு வந்திருக்கிறார். பதக்கம் பெற்றவர்களோடு நின்றுவிடும் பட்டியலில் இது விடுபட்டுப்போகும். இறுதிப் போட்டியில் நீந்திய எல்லோரையும் சேருங்கள்.

திருமணத்துக்குப் பிறகு குடும்பப்பெயர் மாறிய வீராங்கனைகளை இரண்டு ஆட்களாக எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. போட்டியின்போது இருந்த பெயரை முதலில் போட்டு, பிற்காலப் பெயரை அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய நீச்சல் பதிவுகளைத் தேடிப் படிக்கும் சிலர்