டிசம்பரில் வா, தூண்டிலைக் கொண்டு வராதே

கல்லடி, மட்டக்களப்பு
செப்டெம்பர் 9

மச்சான்,

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். பாயின் மூத்த மகளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது, மாப்பிள்ளை ஏறாவூர், மிச்சத்தை அவனே உனக்குச் சொல்வான். சுகம் விசாரித்து முடிந்தது. இனி விசயத்துக்கு வருகிறேன்.

நீ நோர்வேயிலிருந்து அனுப்பிய கொட் மீன் படத்தைக் கணக்கு சேர் தன் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "கையை முன்னுக்கு நீட்டிப் பிடித்தால் நெத்தலியும் சுறாதான்" என்பது அவருடைய தீர்ப்பு. டொக்டர் அவ்வளவு இரக்கமில்லாதவன் இல்லை. மீன் பெரிதுதானாம், பிடித்தது நீதான் என்பதற்குத்தான் சாட்சி இல்லையாம். நங்கூரக் கதைக்குப் பிறகு கடல் விசயத்தில் உன்னை யார் நம்புவது? அதை விடு.

படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் பெரிய பகிடி. டிசம்பர் லீவுக்குப் பிள்ளைகளோடு வருகிறாயாம், மூத்தண்ணனின் படகில் எல்லோரும் கப்பலடிக்கு, அந்த ஹேர்மஸ் கப்பல் தாண்டு கிடக்கிற இடத்துக்கு, மீன் பிடிக்கப் போகிறோமாம், நான் இப்போதே சொல்லி வைக்க வேண்டுமாம். நோர்வேக் குளிர் உன் மண்டையில் இருந்த வாடைக்காற்றைக் கழுவிக்கொண்டு போய்விட்டது போல. டிசம்பரில் இங்கே யார் அந்தச் சின்னப் படகைத் தள்ளுவது? மழை அடித்து வாவி நிரம்பி, முகத்துவாரம் வெட்டுவதா விடுவதா என்று வயல்காரரும் மீன்காரரும் சண்டை பிடிக்கிற காலம் அது. வெட்டிவிட்டால் வாவித் தண்ணி கலங்கிக் கடலுக்குள் இறங்கும், எதிரே வாடை அலையைத் தள்ளும். அந்த இடத்தில் படகு நிற்காது. மீன் வேண்டுமானால் சித்திரை, வைகாசியில் வா. கடல் குளமாகக் கிடக்கும். பிறகு கச்சான் தொடங்கினாலும் விடியப்புறம் போய்வரலாம், ஆனால் அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது என்பதை மறக்கக்கூடாது. கரையில் நின்று பார்த்தால் தண்ணி தட்டையாக இருக்கும், எட்டப் போனால்தான் தெரியும். கச்சானில் என்ஜின் நின்றால் காற்று உன்னை வீட்டுக்குக் கொண்டுவராது. நேர் கிழக்கே அடுத்த கரை நிக்கோபார்.

இவ்வளவும் எழுதுவது உன்னைப் பயமுறுத்த இல்லை. போன சனிக்கிழமை நாங்கள் மூத்தண்ணனோடு போய்வந்தோம். அதைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். முகத்துவாரம் மண் மூடிக் கிடந்ததால் நாவலடிக் கரையிலிருந்தே தள்ளினோம். இருட்டோடு இருட்டாகக் கரைக்குக் கிட்ட நின்று இரைக்குச் சின்ன மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, டொக்டர் வெறுங்காலோடு எழும்பி, படகுக்குள் துள்ளிக்கொண்டிருந்த கெளிற்றை மிதித்துவிட்டான். முள் பாதத்தில் நன்றாக இறங்கிவிட்டது. அவன் போட்ட சத்தம் காத்தான்குடி வரைக்கும் கேட்டிருக்கும். பாய்தான் கெட்டிக்காரன். தேத்தண்ணிக்குக் கொண்டுவந்த பிளாஸ்கை அப்படியே வாளிக்குள் ஊற்றி, கொஞ்சம் பச்சைத் தண்ணி கலந்து தன் கையை விட்டுப் பார்த்து, பொறுக்கக்கூடிய சூடு என்று தெரிந்த பிறகு இவன் காலைப் பிடித்து உள்ளே வைத்தான். கெளிற்று விசம் சூட்டுக்கு அடங்கும். ஐஸ் வைத்தால் பிரயோசனம் இல்லை. அரை மணித்தியாலத்தில் டொக்டர் பகிடி விடத் தொடங்கிவிட்டான். கரைக்கு வந்ததும் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட அனுப்பினோம். அன்றைக்கு ஒருவருக்கும் தேத்தண்ணி இல்லை, அதற்கு அவன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுகா கப்பலடிக்குப் போனோம். போகிற வழியெல்லாம் கணக்கு சேர் பாடம். விமானம் ஏற்றுவதற்கென்றே வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் ஹேர்மஸ்தான், 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அதன் மேல்தட்டில் ஒரு விமானமும் இருக்கவில்லை, 300 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், மிஞ்சினவர்களை ஆஸ்பத்திரிக் கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டு போனது என்று ஒரே மூச்சில் சொன்னார். உன் பிள்ளைகளுக்கு அவர் வாயால் கேட்டால்தான் ருசி. கரையிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீற்றர், ஆழம் 30 பாகத்துக்கு, அதாவது 180 அடிக்குக் கிட்ட. அந்த இரும்பைச் சுற்றித்தான் மீன் நிற்கிறது, அந்த இரும்புதான் எங்கள் ஈயத்தையும் தின்கிறது. விளைமீன் நல்லாகப் பட்டது, இரண்டு கலவாவும் வந்தன. பாய்க்கு ஒரு பாரை கொத்தியது. அவன் எழும்பி நிற்க முன்னமே அது நேரே கப்பலுக்குள் ஓடிவிட்டது. தங்கூசி அறுந்து, விரலில் கோடு விழுந்து, வாய் திறந்தபடி நின்றான். திரும்பி வரும்போது கம்பி போட்டு இழுத்து ஓர் அறுக்குளா பிடித்தோம். கம்பி இல்லாவிட்டால் அந்தப் பல்லுக்கு எந்தத் தங்கூசியும் நிற்காது. கடைசித் துண்டுக் கம்பி அது. அங்கே நல்லது கிடைக்குமே, வரும்போது ஒரு சுருள் கொண்டு வா.

இப்போது மற்றது.

மூத்தண்ணன் கப்பலடியை எப்படிப் பிடிப்பார் என்று உனக்குத் தெரியும். வெளிச்சவீட்டை ஒரு குறியோடு நேராக்குவார், தெற்கே இன்னும் இரண்டை நேராக்குவார், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் "போடு" என்பார். 2004 சுனாமிக்குப் பிறகு கரையில் பழைய மரமும் வீடும் இல்லாமல் போனபோது, நாட்கணக்காகப் படகோடு அலைந்து டவர்களை வைத்துப் புதுக் குறி பிடித்தவர் அவர். அவர் போட்ட நங்கூரக் கல் கப்பலுக்குப் பக்கத்தில் விழாமல் போனதை நான் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை அவருக்குக் குறி கிடைக்கவில்லை.

வெயில் எங்கள் முதுகுப் பக்கம், கரை முழுக்க வெளிச்சம், வெளிச்சவீடு எனக்கே வடிவாகத் தெரிகிறது. அவர் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறார், படகை வடக்கே விடச் சொல்கிறார், பிறகு தெற்கே, பிறகு ஒன்றும் பேசாமல் நிற்கிறார். நான் கணக்கு சேரைப் பார்த்தேன். அவர் ஹேர்மஸை அந்தரத்தில் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அப்போது என்ஜினடியில் இருந்த அவருடைய மகன் சின்னவனை நான் தற்செயலாகக் கவனித்தேன். தொடைக்குக் கீழே போனை மறைத்து வைத்திருக்கிறான். அதில் ஒரு புள்ளி நகருகிறது. தகப்பன் "வடக்கே" என்றால் வடக்கே கொஞ்சம், "தெற்கே" என்றால் தெற்கே கொஞ்சம், நடுவில் தன் பாட்டில் மெல்லக் கிழக்கே எடுத்து, சரியான இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்துவிட்டு, "அப்பா, உங்கட குறி சரிதானே?" என்று கேட்டான். அவர் ஒரு கணம் கரையைப் பார்த்தார். "ஓம், போடு" என்றார்.

கல் விழுந்தது. முதல் தூண்டிலிலேயே விளைமீன். எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

அதற்குப் பிறகு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூண்டில் முள்ளைக் கட்டும்போது கண்ணால் பார்க்கவில்லை, விரலால் தடவித்தான் கட்டினார். அதில் ஒன்றுமில்லை, இருட்டில் கட்டிப் பழகிய கை. ஆனால் இரை வாளியில் பாய் ஒரு பேத்தையைப் போட்டு வைத்திருந்தான், கடலில் எறிய மறந்துபோய். மூத்தண்ணன் அதை எடுத்து, வெட்டுவதற்குப் பலகையில் வைத்துவிட்டார். பேத்தையை! எத்தனை கொதி கொதித்தாலும் அந்த நஞ்சு போகாது என்று சின்ன வயதில் எங்கள் எல்லோருக்கும் சொல்லித் தந்தவரே அவர்தானே. சின்னவன் சிரித்துக்கொண்டே கையிலிருந்து வாங்கி எறிந்தான். அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவருடையது இல்லை.

கரைக்கு வந்து படகை இழுத்து விட்ட பிறகு சின்னவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு வருசமாகவே இப்படித்தானாம். வெயில் ஏறினால் எல்லாம் வெள்ளையாகப் போகிறதாம், இரவில் ஒவ்வொரு லைட்டையும் சுற்றி ஒரு வட்டம் தெரிகிறதாம். கேட்டால் உப்புத் தண்ணி அடித்த எரிச்சல் என்கிறார், யாரோ கொடுத்த சொட்டு மருந்தை விட்டுக்கொள்கிறார். அது கண்புரை இல்லாமல் வேறென்ன? புரை சொட்டு மருந்துக்குக் கரையாது.

சின்னவன் வேலைக்குப் போகிறவன், சனி ஞாயிறு மட்டும்தான் கடல். மற்ற நாட்களில் அவர் தனியே போகிறார், அதுவும் இரவில். முந்தி ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போவார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340-க்கு ஏறினபோது, எண்ணெய்ச் செலவு போக இரண்டு பங்கு பிரிக்க மீன் காணாது என்று ஆளை நிறுத்தினார். அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. போன மாதம் ஒரு நாள் விடிய வந்து தாழங்குடாவில் கரை ஏறியிருக்கிறார். நாவலடி எங்கே, தாழங்குடா எங்கே! கரைவலைக்காரர்தான் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். "நீரோட்டம் இழுத்துப்போட்டது" என்று வீட்டில் சொன்னாராம். இது வெளியே தெரியக்கூடாது என்று சின்னவன் என்னிடம் கையைப் பிடித்துக் கேட்டான். அதுதான் உனக்கு எழுதுகிறேன். நீ வெளி ஆள் இல்லை.

படகில் லைஃப் ஜக்கெட் இருக்கிறது, மச்சான். அணியத்தில், ஐஸ் பெட்டிக்குக் கீழே, பிளாஸ்டிக் உறை கழற்றாமல். உன் படத்தில் நீங்கள் எல்லோரும் போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். நான் மூத்தண்ணனுக்கு அதைத்தான் காட்டினேன். "அங்கே தண்ணி குளிர், அதுக்குப் போடுறான்கள்" என்றார்.

ஆஸ்பத்திரிக் கதையை நான் எடுத்துப் பார்த்தேன். எழும்பிப் போய்விட்டார். பாய் பேசினான், அவனிடம் மீன் விலை கேட்டார். கணக்கு சேர் பேசவே இல்லை, அவருக்கு மூத்தண்ணன் முன்னால் வாய் வராது, அது உனக்கும் தெரியும். மூத்தண்ணன் சொல் கேட்கிற ஒரே ஆள் நீதான். ஏன் என்று நான் எழுதத் தேவையில்லை.

நான் யோசித்தது இதுதான். இப்போது போய் "கடலுக்குப் போகாதே" என்றால் நடக்காது. வாடைக் காலத்தில் படகு எப்படியும் கரையில்தான் கிடக்கும், ஒரு ரூபாய் உழைப்பும் அவருக்கு நட்டமில்லை. ஒப்பரேசன் செய்தால் சில கிழமைகளுக்குக் கண்ணில் தண்ணி, மண், தூசு படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. டிசம்பர், ஜனவரி அதற்கென்றே செய்தது போல இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் காசும் கட்டத் தேவையில்லை. கண்ணைக் கிழித்து வெளியே எடுப்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை, கண்ணை மரக்கவைத்து, ஓரத்தில் சின்ன வெட்டு ஒன்று போட்டு, மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். என் மாமிக்குச் செய்தபோது பக்கத்தில் நின்றவன் நான். அடுத்த கிழமையே அரிசியில் கல் பொறுக்கினா. இதை நான் சொன்னால் மாமியின் கதை, நீ சொன்னால் அவர் கேட்பார்.

ஆகவே டிசம்பரில் நீ வா. பிள்ளைகளுக்குக் கல்லடிப் பழைய பாலத்தைக் காட்டு, பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போ. நடுவில் இரண்டு நாள் எனக்குத் தா, அவரை நாம் கூட்டிக்கொண்டு போவோம். நாள் எடுக்க அதற்கு முன்னமே கிளினிக்கில் காட்ட வேண்டும், அதை இந்த மாதமே நானும் சின்னவனும் செய்துவிடுவோம், நீ போனில் ஒருக்கா அவரைச் சம்மதிக்கவைத்தால் போதும். அதுவரைக்கும் தனியே இரவில் இறங்க வேண்டாம் என்றும் சொல்லு. எண்ணெய்ப் பங்கு என்றால் பாயும் நானும் போட்டுக்கொள்கிறோம், ஆனால் அதை அவருக்குச் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எடு, அவர் வலை கட்டிக்கொண்டு வீட்டில்தான் இருப்பார், சின்னவனின் நம்பருக்கு எடு. தாழங்குடாவைப் பற்றி வாயே திறக்காதே. போனைப் பற்றியும் சொல்லிவிடாதே, அந்தப் பிள்ளை அதை இன்னும் தொடைக்குக் கீழேதான் வைத்திருக்கிறான். உன் கொட் மீனில் தொடங்கு. எத்தனை பாகத்தில் பிடித்தாய் என்று கட்டாயம் கேட்பார், அதற்கு ஒரு பதிலை யோசித்து வை.

பாய் சலாம் சொல்கிறான்.

உன்,
நெட்டை