விதி எழுதும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அடுத்த தொற்று வந்தால் என்ன செய்வது என்று வரைவு எழுதும் குழுவில் உன்னையும் போட்டிருக்கிறார்கள் என்று போனில் சொன்னாயே, எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. ஆனால் பேச்சோடு பேச்சாக, போலீஸ் பற்றி ஒரே வரிதான் வருகிறது, "இவ்விதிகளைக் காவல்துறை அமல்படுத்தும்" என்று முடித்துவிட்டோம் என்றாய் பார், அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. அந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டுதான் போலீஸ்காரர்கள் நாங்கள் கொரோனா காலம் முழுக்க ரோட்டில் நின்றோம். அதனால் அது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

ராத்திரி வாட்ஸ்அப்பில் உத்தரவு வரும். காலையில் ரோல் கால், இன்ஸ்பெக்டர் வாசிப்பார். "அத்தியாவசியத் தேவைக்கு மட்டும் அனுமதி" என்று இருக்கும். அத்தியாவசியம் எது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், சரி, நேரமாகிவிட்டது போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். செக்போஸ்டில் ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி மாத்திரைச் சீட்டை நீட்டுவார், வியர்வையில் மடிப்பெல்லாம் கிழிந்திருக்கும், தேதி மூன்று மாதம் பழசு. பொய் சொல்கிறாரா? சர்க்கரை மாத்திரைக்கு யார் மாதாமாதம் புதுச் சீட்டு வாங்குகிறார்கள்? முகம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அவர் முகமும் மாஸ்க்குக்குள், என் முகமும் மாஸ்க்குக்குள். பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்கின்றன. அவரை விட்டால் அடுத்தவர் "அவரை மட்டும் எப்படி விட்டீர்கள்" என்பார். அரை நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவுக்கு ஆதாரமாக என் கையில் இருப்பது உங்கள் ஆபீஸில் யாரோ எழுதிய அந்த ஒற்றைச் சொல் மட்டும்தான்.

இது எங்களுக்கு மட்டும் வந்த தொல்லை என்று நினைக்காதே. இங்கிலாந்தில் 2020 மார்ச் 26-ல் கட்டுப்பாடுகள் அமலுக்கு வந்தன. உடற்பயிற்சிக்கு ஒரு நாளைக்கு ஒரு முறைதான் வெளியே போகலாம் என்று பிரதமரே டிவியில் சொன்னார், ஆனால் அங்கே போட்ட சட்ட விதியில் அந்த "ஒரு முறை" இல்லவே இல்லை. சட்டம் வேறு, அறிவுரை வேறு, இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் ஜனங்களும் குழம்புவார்கள், போலீஸும் குழம்பும். 2021 ஜனவரியில் அதே இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஒன்றாக நடக்கப்போன இரண்டு பெண்களுக்குத் தலா 200 பவுண்டு அபராதம் போட்டுவிட்டு, அப்புறம் அதை ரத்து செய்து மன்னிப்பும் கேட்டார்கள். அதற்கும் முன்னால், அவசரமாகக் கொண்டுவந்த கொரோனா வைரஸ் சட்டத்தின் கீழ் பதிவான முதல் 44 வழக்குகளை அரசு வழக்குத் தொடுப்புத் துறையே திரும்ப எடுத்துப் பார்த்தது. நாற்பத்து நான்குமே தப்பு. போலீஸ் எல்லாரும் முட்டாள்கள் என்றா அர்த்தம்? ஒரே ராத்திரியில் கொடுத்த சட்டத்தை மறுநாள் காலையிலேயே பிரயோகிக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம், இடைவெளி விடு என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நாங்கள் யாரையாவது பிடிக்க வேண்டுமென்றால் தொட்டுத்தானே பிடிக்க வேண்டும். "எனக்குக் கொரோனா இருக்கு, வா, வந்து பிடி" என்று ஒருவன் என் முகத்துக்கு நேராகவே இருமினான். டூட்டி முடிந்து வந்தால் வீட்டின் பின்பக்கம் குளித்துவிட்டு, யூனிஃபார்மை அங்கேயே ஊறப்போட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பேன். நீ அப்போது விடுதியில் இருந்தாய், அதனால் பார்க்கவில்லை. அமெரிக்காவில் 2020, 2021 இரண்டு வருஷமும் பணியில் இறந்த போலீஸ்காரர்களில் அதிகம் பேரைக் கொண்டுபோனது துப்பாக்கியோ கார் விபத்தோ இல்லை, கொரோனாதான். நம் பஞ்சாபில், பாட்டியாலாவில், ஊரடங்கு பாஸ் கேட்டதற்காக ஒரு உதவி சப்-இன்ஸ்பெக்டரின் கையை வாளால் வெட்டித் துண்டாக்கினார்கள். டாக்டர்கள் பல மணி நேரம் போராடி ஒட்டவைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று செக்போஸ்டில் யாரிடம் பாஸ் கேட்டாலும் என் கண் அவர்கள் கையைத்தான் பார்த்தது.

இந்தப் பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது நியாயமில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிக் கூட்டிப்போன தகப்பனும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். சி.பி.ஐ. போலீஸ்காரர்கள் மேலேயே கொலைக் குற்றம் சாட்டியது. அதே வருஷம் மார்ச் கடைசியில் கென்யாவின் நைரோபியில் ஊரடங்கை அமல்படுத்த வந்த போலீஸின் குண்டு பட்டு, தன் வீட்டு பால்கனியில் நின்ற 13 வயதுப் பையன் இறந்தான். நோயிலிருந்து உயிரைக் காப்பாற்றத்தானே இந்த விதி எல்லாம்? லத்திக்கு இதில் வேலையே கிடையாது, நான் சர்வீஸில் இருந்தபோதும் இதையேதான் சொன்னேன். கைது செய்வதும் அப்படித்தான். இடைவெளி விடவில்லை என்று பிடித்த பத்துப் பேரைக் கொண்டுபோய்ச் சின்ன லாக்கப்பில் அடைத்தால் அங்கே எந்த இடைவெளி இருக்கும்? சின்னத் தவறுக்குக் கைது செய்யும் அதிகாரத்தை உங்கள் வரைவில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கொடுத்தால் யாராவது ஒருவர் அதைப் பயன்படுத்தத்தான் செய்வார்.

பழைய கதையைப் பார்த்தாலும் இதுதான். 1897-ல் புனேயில் பிளேக் வந்தபோது சிப்பாய்களை வீடு வீடாகச் சோதனைக்கு அனுப்பினார்கள், பெண்கள் இருந்த அறைக்குள்ளும் புகுந்தார்கள். ஜனங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள், கடைசியில் பிளேக் கமிட்டித் தலைவர் ராண்டையே சுட்டார்கள். 2014 ஆகஸ்டில் லைபீரியாவில், எபோலாவுக்குப் பயந்து, மன்ரோவியாவின் வெஸ்ட் பாயின்ட் குடிசைப் பகுதியை முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் அடைத்தார்கள். விடிந்து பார்த்தால் முள்கம்பி, அந்தப் பக்கம் துப்பாக்கி. கலவரத்தில் குண்டு பட்டு ஒரு சிறுவன் செத்தான். பத்து நாளில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். அதற்குள் அந்த ஜனங்கள் சுகாதார ஆட்களை நம்ப எவ்வளவு இருந்ததோ அதில் எவ்வளவு போயிருக்கும் என்று நீயே யோசித்துப் பார், உன் படிப்புக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். பயந்துபோனவர் காய்ச்சலைச் சொல்ல மாட்டார், கூட இருந்தவர் பெயரைச் சொல்ல மாட்டார். தொடர்பு தடமறியும் உங்கள் வேலையெல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு ராத்திரி, மணி பதினொன்று இருக்கும், ஒரு பெண் செருப்பில்லாமல் நடந்து வந்தாள். பாஸ் இல்லை, காரணம் கேட்டால் பதிலும் இல்லை. என்னோடு நின்ற பையன் புதுசு, திருப்பி அனுப்பலாமா மேடம் என்றான். அவள் கையைப் பார்த்தேன், மணிக்கட்டில் விரல் தடம் சிவந்து கிடந்தது. வீட்டுக்குப் போ என்று எப்படிச் சொல்வது? நாங்கள் அவளை வண்டியில் ஏற்றி அவள் அக்கா வீட்டில் விட்டோம், உத்தரவில் அதற்கு இடம் இருந்ததா என்று பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஆபத்திலிருந்து தப்பிக்க வெளியே வரலாம் என்று இங்கிலாந்தின் முதல் விதியிலேயே எழுதியிருந்தார்கள். உங்கள் வரைவிலும் அது இருக்கட்டும், கடைசிப் பக்க அட்டவணையில் இல்லை, முதல் பக்கத்திலேயே.

இங்கிலாந்து போலீஸுக்குக் கொடுத்த வழிகாட்டுதலில் எனக்குப் பிடித்த ஒன்றும் இருக்கிறது. முதலில் பேசு, அப்புறம் விளக்கு, அப்புறம் எடுத்துச் சொல்லி இணங்க வை, இத்தனைக்கும் மசியவில்லை என்றால்தான் நடவடிக்கை. எல்லா இடத்திலும் அதன்படி நடந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எழுத்தில் இருந்தால் ரோட்டில் நிற்கிற ஏட்டுக்கு அது ஒரு பிடிமானம். பேசுகிற வேலைக்குச் சுகாதார ஆளையும் எங்களோடு நிறுத்துங்கள், நர்ஸம்மா சொன்னால் கேட்கிறவர்கள் நாங்கள் சொன்னால் முறைப்பார்கள். அபராதம் போடுவதானால் தினக்கூலிக்காரருக்கும் கார்க்காரருக்கும் ஒரே தொகை போடாதீர்கள், ஒருவருக்கு அது ஒரு வார அடுப்பு, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. மாஸ்க் இல்லாதவரிடம் பணம் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு மாஸ்க்கைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், பாதிப் பேர் வாங்கி மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள், நானே பார்த்திருக்கிறேன். விதி மாறினால் அமலுக்கு வர ஒரு நாளாவது விடுங்கள்.

வரைவு முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அதற்கு முன்னால், உன் ஊர் ஸ்டேஷனில் பத்துப் பதினைந்து வருஷம் சர்வீஸ் போட்ட ஏட்டு யாரையாவது பார்த்து, குழுவுக்கு முன்னால் அதைச் சத்தமாக வாசிக்கச் சொல். வாசித்து முடித்ததும் அந்த மாத்திரைச் சீட்டுப் பெரியவரை விடுவீர்களா மாட்டீர்களா என்று கேள். அவர் யோசித்தால் அந்தப் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி ரொம்ப நேரம் கண் விழிக்காதே.

அன்புடன்,
அம்மா