எங்களுக்குப் பக்குவம் இல்லையாமே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பால்கனியில் மாட்டி வீட்டு பிளக்கில் செருகும் சின்ன சோலார் பேனல் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கடைசிப் பத்தியில், "நம் மக்களுக்கு இன்னும் அந்தப் பக்குவம் வரவில்லை" என்று ஒரு வரி. 34 வருடம் வயர்மேன் வேலை பார்த்தவன் நான். அது எனக்கும் சேர்த்துச் சொன்னதுதானே?

ஜெர்மனியில் 2024 மே மாதம், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் உச்ச அளவை 600 வாட்டிலிருந்து 800 ஆக்கினார்கள். இணையத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதும். குடித்தனக்காரர் கேட்டால் வீட்டுக்காரர் காரணமில்லாமல் மறுக்க முடியாதபடி அதே வருடம் சட்டமும் வந்தது. அமெரிக்காவில் யூட்டா மாநிலம் 2025இல் 1,200 வாட் வரை மின் நிறுவனத்தோடு ஒப்பந்தமே வேண்டாம் என்றது. ஜனங்களுக்குப் பரீட்சை வைத்துவிட்டா இதையெல்லாம் செய்தார்கள்?

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. பழைய ஒயரிங்கில், கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் ஓடும் அதே லைனில் பேனலும் கரண்ட் கொடுத்தால், அந்தக் கூடுதல் பாரம், கரண்ட் அதிகமானால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்சுக்குத் தெரியாது, ஒயர் சூடாகும். அதற்குத்தான் இத்தனை வாட் வரை என்று வரம்பு. ஆனால் கரண்டை நிறுத்திவிட்டு வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கும் என்று பயமுறுத்தினீர்களே, அது சரியில்லை. லைனில் கரண்ட் போனால் தானாக நின்றுவிடும் இன்வெர்ட்டரைத்தான் இதற்கு அனுமதிக்கிறார்கள். எழுதும் முன் ஒரு வயர்மேனைக் கேட்டிருக்கலாம்.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கேலி பேசுவார்கள். வெயிலுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. கத்திரியில் காலையில் பிழிந்த வடாம் மதியச் சாப்பாட்டுக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் தரும் என்பது பொதுக் கணக்கு. 800 வாட் என்றால் சுமார் 3 யூனிட், இரண்டு மாதத்துக்கு சுமார் 180. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. போன மே மாதம் கணக்கெடுப்பவர் ஒன்பது நாள் தாமதமாக வந்தார். 512 என்று எழுதிவிட்டுப் போனார். யாரிடம் போய் அழுவது?

மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். அது சொந்த வீடு இருப்பவர்களுக்கு. நான் 22 வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டுக்கம்பியால் ஒரு 100 வாட் பேனலைக் கட்டி, பழைய பேட்டரியில் மின்விசிறி ஓட்டினேன். தளம் ஒழுகும் என்று வீட்டுக்காரர் மகன் அவிழ்த்துவிட்டான். சுவரில் கட்டியதற்குத் தளம் எப்படி ஒழுகுமோ! இப்போது அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பிளக் சோலார் போடலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டதற்கு, "வீடு உங்க பேர்லயா?" என்றார்கள். அத்தோடு பேச்சு முடிந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 800 வாட் வரை குடித்தனக்காரர்கள் பதிவு மட்டும் செய்து மாட்டிக்கொள்ள விதி வருமா என்று, மின்வாரியத்தைக் கேட்டு நாலு வரி போடுங்கள். அப்புறம், இரண்டு வருடத்துக்கு முன் பாலாறு பற்றி நான் எழுதியதை 'வேலூர், நாமக்கல் மாவட்டம்' என்று போட்டீர்கள். அது பரமத்தி வேலூர். இந்த முறையாவது சரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
சத்துவாச்சாரி, வேலூர் மாவட்டம்