வயலில் வெடிக்குழி போடச் சம்மதம் கேட்டால்: கடைமடைத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

எண்ணெய், எரிவாயு தேடும் நில அதிர்வு ஆய்வுக்காக உங்கள் பட்டா நிலத்தில் இறங்கச் சம்மதப் படிவம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது போடாதீர்கள். முதலில் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, அவர்கள் கையில் இருக்கும் உரிமத்தின் நகல். இன்னொன்று, வெடிமருந்து இறக்கத் துளைக்கும் வெடிக்குழி எங்கெங்கே வருகிறது என்று புல எண், உட்பிரிவோடு காட்டும் வரைபடம்.

உரிமத்தில் பார்க்க வேண்டியது தேதியை. தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது. உங்கள் திருவாரூர் மாவட்டம் அதற்குள் இருக்கிறது. புதிதாகக் கிணறு தோண்டுவதை மட்டும் அது தடுக்கவில்லை. எண்ணெய், எரிவாயுவுக்கான ஆய்வையும் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த திட்டங்களை அது தொடவில்லை. “இது எண்ணெய் எடுக்க முன்பே அரசு குத்தகைக்குக் கொடுத்த பகுதிதான்” என்ற பதில் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வரும். வாய்ப்பேச்சாக இருந்தால் ஏற்காதீர்கள். உரிம எண், தேதி, உங்கள் ஊர் அதன் எல்லைக்குள் வருகிறதா என மூன்றும் தாளில் இருக்கட்டும். தாள் வராவிட்டால் மறுத்து எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மறுப்பின் நகலோடு மாவட்ட ஆட்சியரிடமும் மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

தாள் சரியாக இருந்தால்தான் மற்ற பேச்சு. இந்த ஆய்வால் நிலம் மலடாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள், அது உண்மையில்லை. வெறும் சத்தம்தான், ஒன்றும் ஆகாது என்று வந்தவர்கள் சொல்வார்கள், அதுவும் உண்மையில்லை.

வேலை இரண்டு வகை. ஜியோபோன் என்னும் சிறு கருவிகளை வரிசையாக மண்ணில் குத்தி, கம்பியால் இணைத்து வைப்பது ஒன்று. ஆள் நடந்த தடமும் வரப்புச் சேதமும் தவிர இதில் கெடுதல் குறைவு. மற்றது வெடிக்குழி. பொதுவாக 10 முதல் 30 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில் சில கிலோ வெடிமருந்தும் அதை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டரும் இறக்கி, மேலே மண் அடைத்து வெடிப்பார்கள். அதிர்வு கீழே பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புவதை ஜியோபோன்கள் பதிவு செய்யும். அதிரும் தட்டு வைத்த கனரக லாரிகளைக் கொண்டும் இதே வேலையைச் செய்யலாம். சேற்று வயலில் அவை இறங்க முடியாது. அதனால்தான் உங்கள் பக்கம் குழியைக் கேட்கிறார்கள்.

சம்மதத்தை இங்கேதான் பிரித்துக் கொடுக்க வேண்டும். படிவத்தில் இரண்டையும் ஒரே வரியில் சேர்த்திருப்பார்கள். ஜியோபோனுக்குச் சரி, குழிக்கு இல்லை என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். குழி இடங்களைச் சற்று நகர்த்துவதும், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதும் இந்தத் தொழிலில் வழக்கம்தான். ஒரு குழி விட்டுப்போனால் ஆய்வே நின்றுவிடும் என்பதை நம்ப வேண்டாம்.

என் கருத்து: போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, இருக்கும் வயலில் வெடிக்குழி வேண்டாம். கடைமடையில் பல ஊர்களில் மேல்நீர் உப்பு, கீழ்நீர் நல்லது. நடுவில் களிமண் அடுக்கு இருப்பதால்தான் இரண்டும் கலக்காமல் இருக்கின்றன. 100 அடிக்குள் நிற்கும் குழி, 300 அடி போரின் ஊற்றை நேராகத் தொடாது. கைபம்பும் ஆழமில்லாத போரும் அப்படியல்ல. களிமண்ணைத் துளைத்த குழியைச் சரியாக அடைக்காமல் போனால், உப்புநீர் இறங்க அதுவே வழி. வயலிலும், மடையை அடைத்த பிறகும் தண்ணீர் நிற்காமல் வடிவதற்குக் காரணம் இப்படி அரைகுறையாக அடைத்த குழியாக இருக்கலாம். கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் வீட்டுக்கும் தண்ணீர்க் கிணற்றுக்கும் 180 மீட்டருக்குள் வெடிக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தூரத்தையே நீங்களும் கேளுங்கள்.

வேலை தொடங்கும் முன் போரின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். ஒரு டிரம் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரி கொடுத்து உப்பின் அளவை வாங்கி வையுங்கள். வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைத் தேதியோடு படமெடுங்கள். இவை இல்லாமல் பின்னால் கேட்டால், “முன்பே அப்படித்தான் இருந்தது” என்ற பதிலுக்கு மறுபேச்சு இருக்காது. வெடிக்கும்போது வீட்டு வாசலில் அதிர்வுமானி வைக்கச் சொல்லுங்கள். சுரங்க வெடிப்புக்காகச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இல் வகுத்த அளவுகோல், சாதாரண வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் நிலம் அசையும் வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. அதையே வரம்பாக எழுதலாம்.

காலம் முக்கியம். சம்பா அறுத்ததும் “வயல் சும்மாதானே கிடக்கிறது” என்று வருவார்கள். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தெளித்த உளுந்தும் பயறும் அறுத்த நெல் தாளுக்கிடையில் முளைத்திருப்பது வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தெரியாது. உளுந்து எடுத்த பிறகு, குறுவைக்கு உழவு ஓட்டுவதற்கு முன் உள்ள கோடை இடைவெளியை மட்டும் கொடுங்கள். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் உளுந்துச் சாகுபடி ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் பார்த்துக்கொள்ளுங்கள், இழப்பீட்டுக்கு ஆதாரம் அதுதான்.

இழப்பீட்டைக் குழிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்காதீர்கள். 3 மீட்டர் அகலத்தில் 200 மீட்டர் நீளத்துக்குத் தடம் போனால் 600 சதுர மீட்டர், ஏறக்குறைய 15 சென்ட். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 காணும் நிலத்தில் அது நாலரை மூட்டை நெல். இறுகிய மண் அடுத்த போகத்தையும் குறைக்கும் என்பதால் இரண்டு போகத்துக்குக் கேளுங்கள். வரப்பும் வாய்க்கால் கரையும் கட்டித் தரும் செலவு தனி. கீழே எண்ணெயே கிடைத்தாலும் அதற்கான உரிமத்தொகை அரசுக்குத்தான். உங்களுக்குப் பங்கு இல்லை. ஆய்வில் நல்ல தடயம் தெரிந்தால் அடுத்துத் துளைக் கிணற்றுக்கு இடம் கேட்டு வருவார்கள் என்பதையும் இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இந்தச் சம்மதம் செல்லாது என்று ஒரு வரி சேருங்கள்.

பட்டா நிலத்தோடு நீங்கள் பயிரிடும் 4 மா (ஏறக்குறைய 1.3 ஏக்கர்) கோயில் நிலத்துக்கு நீங்கள் குத்தகைதாரர் மட்டுமே. நிலத்துக்கான சம்மதத்தைக் கோயில் நிர்வாகம்தான் தர முடியும். பயிர் இழப்பீடு சாகுபடி செய்பவருக்கு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி உங்கள் குத்தகை பதிவாகியிருந்தால் அந்த நகலைக் கையில் வையுங்கள்.

மிகவும் பயப்பட வேண்டியது வெடிக்காத குழிக்கு. மருந்தை இறக்கிவிட்டுச் சில நாள் கழித்துத்தான் வெடிப்பார்கள். அதற்குள் மாடு மிதித்தோ டிராக்டர் ஏறியோ கம்பி அறுந்தால், அல்லது இணைப்பில் ஈரம் புகுந்தால், வெடிக்காது. மருந்து கீழேயே இருக்கும். இறக்கிய நாளிலிருந்து வெடிக்கும் நாள்வரை காவல் இருக்க வேண்டும். இடி இடித்தால் மருந்து இறக்கக் கூடாது. ஒவ்வொரு குழிக்கும் எண், ஆழம், மருந்தின் எடை, வெடித்த நேரம், வெடித்ததா இல்லையா என்ற பதிவின் நகலை அன்றன்றே வாங்குங்கள். வெடிக்காத குழியில் யாரும் கை வைக்க வேண்டாம். உரிமம் பெற்ற வெடிப்பாளரே அதைத் தீர்த்து, எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைசித் தவணைப் பணத்தை வாங்கிக் கையெழுத்துப் போடுமுன் வரைபடத்தை வைத்துக்கொண்டு வயலைச் சுற்றி வாருங்கள். எண்ணின்படி ஒவ்வொரு குழியும் களிமண்ணால் இறுக அடைக்கப்பட்டிருக்கிறதா, டெட்டனேட்டர் கம்பி ஏர் ஆழத்துக்குக் கீழே வெட்டப்பட்டிருக்கிறதா, இடம் காட்ட நட்ட கொடிக் கம்பிகளைப் பிடுங்கிவிட்டார்களா என்று பாருங்கள். விட்டுப்போன கம்பி அறுவடை இயந்திரத்தில் சிக்கும், வைக்கோலோடு மாட்டு வயிற்றுக்கும் போகும். முதல் மழைக்குப் பிறகு மண் உள்வாங்கிய குழிகளை மறுபடி நிரப்பித் தரும் பொறுப்பு ஓராண்டுக்கு அவர்களுடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்